மாடித்தோட்டத்திற்கு வயல் நஞ்சு எதற்கு?

சித்தூர், திருப்பதி நகரங்களின் மொட்டைமாடிகளில் கத்தரி, வெண்டை, தக்காளி, கீரைத் தொட்டிகளைக் காண்பது இன்று புதுமையன்று. நஞ்சில்லாத காய்கறியைக் குடும்பத்துக்குத் தர வேண்டும் என்பதே இத்தோட்டங்களின் நோக்கம். ஆயினும், இலையின் அடியில் வெள்ளை ஈயோ அசுவினியோ தென்பட்டவுடன் நம்மில் பலர் உழவர்களுக்கு மருந்து விற்கும் கடையை நாடுகிறோம். எதைத் தவிர்ப்பதற்காகத் தோட்டம் போட்டோமோ, அதையே விலை கொடுத்து வாங்கி வருகிறோம். இவ்வழக்கம் கைவிடத்தக்கது என்பதே நமது கருத்து.

வயலுக்குரிய பூச்சிக்கொல்லியின் அளவு ஏக்கர் கணக்கில் குறிக்கப்படுகிறது. பத்துத் தொட்டிகளுக்கு அதைச் சரியாக அளந்து கலப்பது எளிதன்று. தெளித்த பின் அறுவடைக்குக் காத்திருக்க வேண்டிய நாட்களும் உண்டு. நாள்தோறும் கீரை கிள்ளும் வீட்டில் அக்கணக்கு நிற்காது. எல்லாவற்றிலும் பெரிய இடர், மீதி மருந்து வீட்டிலேயே தங்குவதுதான். 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சாரண் மாவட்டப் பள்ளி ஒன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் உயிரிழந்தனர். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்ததைத் தடயவியல் ஆய்வு காட்டியது. காய்கறிப் பயிர்களில் தெளிக்கக் கூடாதென 2005-ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்ட மருந்து அது. சமையலறையும் நஞ்சுப் புட்டியும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாகாது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

மாற்று வழியைத் தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பிரிக்கப்படாத ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்துப் புனுகுல கிராமம், 2000-களின் தொடக்கத்திலேயே இரசாயனப் பூச்சிக்கொல்லிகளைக் கைவிட்டது. பின்னர் மகளிர் சுய உதவிக் குழுக்களின் வழியே இம்முறை மாநிலத்தின் பல பகுதிகளுக்கும் பரவியது. 2016 முதல் ரைத்து சாதிகார சமஸ்தா என்னும் அரசு நிறுவனம் இயற்கை வேளாண்மைத் திட்டத்தை நடத்தி வருகிறது. வேப்பிலை, பசுங்கோமியம், சாணம் சேர்த்து ஊறவைக்கும் நீமாஸ்திரம் அத்திட்டத்தில் முதன்மையான பூச்சி விரட்டி. கடன் தவணை செலுத்த எங்கள் கிளைகளுக்கு வரும் டுவாக்ரா குழு மகளிருக்கு இச்சொல் பழகிய ஒன்று. ஏக்கர் கணக்கில் அவர்கள் செய்வதைப் பத்துத் தொட்டிகளில் நாம் செய்யத் தயங்குவானேன்?

செய்முறை எளிது. 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து, சிறிது நீரில் இரவு முழுவதும் ஊறவைத்துத் துணியில் வடிகட்டி, ஒரு லிட்டராக்கிக் கொள்ள வேண்டும். இலையில் ஒட்டுவதற்குச் சிறிதளவு காதி சோப்புக் கரைசலோ பூந்திக்கொட்டை நீரோ சேர்க்கலாம். அன்றன்று தயாரித்ததையே தெளிக்க வேண்டும். வேம்பிலுள்ள அசாடிராக்டின் வெயிலில் சிதையும் ஆதலால், நம் ஊர் வெயிலுக்கு மாலை நேரமே ஏற்றது. பருப்புக் கிடைக்காதவர்கள் ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலுடன் நன்கு கலந்து தெளிக்கலாம். அசுவினி மிகுந்த தளிர்களை முதலில் நீரைப் பீய்ச்சிக் கழுவினாலே பாதி வேலை முடிந்துவிடும். மஞ்சள் நிற அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் வெள்ளை ஈக்கள் அதில் ஒட்டிக்கொள்ளும்.

எனினும், வீட்டில் செய்தது என்பதாலேயே ஒரு மருந்து தீங்கற்றதாகிவிடாது. புகையிலைக் கஷாயத்தைப் பலர் பரிந்துரைக்கின்றனர். அதிலுள்ள நிகோட்டின் நமக்கும் நஞ்சு, தேனீக்கும் நஞ்சு. துணி துவைக்கும் தூளைக் கரைத்துத் தெளித்தால் இலை கருகும். இஞ்சி, பூண்டு, மிளகாய்க் கரைசலைக்கூட நன்கு நீர்த்து, ஓரிரு இலைகளில் தெளித்து, மறுநாள் பார்த்த பிறகே செடி முழுவதற்கும் பயன்படுத்த வேண்டும். வேம்பு உடனே கொல்வதன்று. புழுக்களை உண்ணவிடாமலும் வளரவிடாமலும் தடுப்பது. ஆகவே, ஒருநாள் தெளித்துவிட்டுப் பயனில்லை என முடிவு கட்டுதல் தகாது. காய்க்குள் புகுந்துவிட்ட புழுவை எந்தக் கரைசலும் எட்டாது; காயைப் பறித்து அழிப்பதே வழி. நச்சுயிரி தாக்கி இலை சுருண்ட தக்காளிச் செடியையும் பிடுங்கிவிடுவதே நல்லது.

சில வேளைகளில் தெளிக்காமல் இருப்பதே மருந்தாகும். 2008-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியுடன் மல்பெரி, மரவள்ளிப் பயிர்களையும் சூறையாடியது. மருந்துக்கு மேல் மருந்து தெளித்தும் அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து தருவிக்கப்பட்ட அசெரோபேகஸ் பப்பாயே என்னும் மிகச்சிறிய குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதனைக் கட்டுக்குள் கொணர்ந்தது. நம் மாடியிலும் இத்தகைய நண்பர்கள் உண்டு. பொறிவண்டில் ஒரு வகையின் இளம்புழு, வெண்மெழுகு போர்த்து மாவுப்பூச்சி போலவே தோன்றும். ஆனால் அது மாவுப்பூச்சியைத் தின்று வாழ்வது. அடையாளம் தெரியாமல் தெளிப்பவர் காவலனையே கொன்றுவிடுகிறார். எறும்புகளோ, மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக அதனைப் பாதுகாப்பவை. எறும்பு ஏறாமல் தடுத்தால் மாவுப்பூச்சி தன் துணையை இழக்கும்.

நாள்தோறும் காலையில் பத்து நிமிடம் இலைகளின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்ப்பதே முதல் மருந்து. தொடக்கத்தில் கண்ட பூச்சியை விரலாலேயே நசுக்கிவிடலாம். ஆனி, ஆடி மாதங்களில் வேப்பமரத்தடியில் உதிரும் பழங்களைப் பொறுக்கி, கொட்டைகளை நிழலில் உலர்த்தி வைப்போம். எட்டு மாதங்களுக்கு மேல் அவற்றின் வீரியம் குறையும் என்பதால் ஆண்டுதோறும் புதிதாகச் சேர்ப்பது அவசியம். பிள்ளைகளையும் இப்பணியில் சேர்த்துக்கொள்வோம். எந்தப் பூச்சி பகை, எது நட்பு என்று கண்டறியும் பழக்கம் அவர்களுக்கும் வரும். தொட்டியிலிருந்து பறித்த தக்காளியை அவர்கள் அங்கேயே கடித்துத் தின்னும்போது நாம் அஞ்ச வேண்டியிராது.