இன்னும் ஒரே ஒரு கணக்கு

கொல்கத்தாவில் சாயங்காலம் என்றால் டியூஷன். நாலரை மணிக்குப் பிறகு எங்கள் தெருவில் பையை மாட்டிக்கொண்டு நடக்கும் பிள்ளைகளைப் பார்த்தால், பள்ளிக்கூடமே இப்போதுதான் திறக்கிறதோ என்று சந்தேகம் வரும். மேற்கு வங்கக் கிராமங்களில் பள்ளிப் பிள்ளைகள் 100 பேரில் 70 பேருக்கு மேல் காசு கட்டி டியூஷன் போகிறார்கள் என்று 2022ஆம் ஆண்டின் ஏசர் கல்விநிலை ஆய்வறிக்கை சொன்னது. கிராமத்திலேயே அப்படியென்றால் பாலிகஞ்சையும் பவானிபூரையும் பற்றிக் கேட்கவே வேண்டாம். ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் படிப்பை இழுப்பதுதான் வழக்கம் என்று ஊரே ஒத்துக்கொண்டுவிட்டது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளையும் இந்தச் சாயங்காலம் விட்டுவைப்பதில்லை. என் தங்கை மகனுக்கு ஒன்பது வயது, மூன்றாம் வகுப்பு. பகல் முழுக்க வகுப்பு இரைச்சலையும், மணிச் சத்தத்தையும், பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைகளின் இடிபாடுகளையும் தாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறவன். வந்ததும் "நோட்டை எடு" என்றால் அவனுக்கு அதிலிருந்து என்ன தெரியும்? எவ்வளவு எழுதணும், எப்போது விடுவார்கள், விட்ட பிறகு என்ன, எதுவுமே அதில் இல்லை. வாயால் சொன்னது சொன்ன கையோடு காற்றில் போய்விடுகிறது. முன்பெல்லாம் நோட்டுப் பறக்கும், பென்சில் உடையும், கீழ்வீட்டு வங்காளி அம்மாள், எங்களுக்கு மாஷிமா, படியேறி வந்து என்ன ஆயிற்று என்று விசாரிப்பார்.

இப்போது அவர்கள் வீட்டுக் கூடத்தில், சாப்பாட்டு மேசைக்கு மேலே, நீளவாக்கில் ஒரு அட்டை தொங்குகிறது. மெட்ரோ ரயில் கதவுக்கு மேலே நிலையங்களை வரிசையாகப் போட்டிருப்பார்களே, அதே மாதிரி. நீலக் கோடு, அதில் ஆறு வட்டங்கள்: காளிகாட், ஜதீன் தாஸ் பார்க், நேதாஜி பவன், ரவீந்திர சதன், மைதான், பார்க் ஸ்ட்ரீட். சனிக்கிழமைகளில் அம்மாவோடு இந்தத் தடத்தில்தான் தெரபிக்குப் போகிறான். யார் வீட்டுக்கு வந்தாலும், 1984 அக்டோபர் 24 அன்று நாட்டின் முதல் மெட்ரோ எஸ்பிளனேடிலிருந்து பவானிபூருக்கு ஓடியது என்றும், அந்தப் பவானிபூர்தான் இப்போது நேதாஜி பவன் என்றும் சொல்லாமல் விடமாட்டான். அவனுக்குப் பிடித்ததை வைத்தே கட்டலாம் என்று யோசனை சொன்னவர் அவனுடைய ஸ்பெஷல் எஜுகேட்டர்.

ஒவ்வொரு வட்டத்திலும் வெல்க்ரோவால் ஒட்டிய ஒரு போட்டோ. காளிகாட்டில் முறுக்கும் பாலும். ஜதீன் தாஸ் பார்க்கில் வங்காள நோட்டு. நேதாஜி பவனில் கணக்கு நோட்டு, அதன் ஓரத்தில் ஐந்து புள்ளிகள். ஐந்து கணக்கு என்று அர்த்தம். ரவீந்திர சதனில் வாசிப்புப் புத்தகம். மைதானில் ஊஞ்சல். பார்க் ஸ்ட்ரீட்டில் அம்மாவின் செல்போன், அதாவது ரயில் வீடியோ. ஒரு வேலை முடிந்ததும் அந்தப் போட்டோவைப் பிய்த்துப் பழைய பிஸ்கட் டின்னில் போட வேண்டும். மூடியில் தபால்பெட்டி மாதிரி ஒரு கீறல் வெட்டியிருக்கிறது. உள்ளே விழும்போது "ஹொயே கேச்சே" என்று உரக்கச் சொல்வான். முடிந்தது என்பதை அவன் பள்ளியில் கற்றது வங்காளத்தில்.

முதலில் தங்கை இணையத்திலிருந்து அழகழகான படங்களை இறக்கி ஒட்டியிருந்தாள். சிரிக்கிற மஞ்சள் பென்சில், கண்ணாடி போட்ட புத்தகம். பையன் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் பென்சில் நீலம். அது சிரிப்பதும் இல்லை. சில பிள்ளைகளுக்குப் பொருளையே கையில் கொடுக்க வேண்டும்; சிலருக்கு அந்தப் பொருளின் போட்டோ போதும்; கோட்டுப்படம் அடுத்த படி, வெறும் எழுத்து அதற்கும் அடுத்தது. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறான் என்று பார்க்காமல் லாமினேஷன் கடைக்கு ஓடுவதில் பயனில்லை. செல்போனில் எடுத்து ஜெராக்ஸ் கடையில் அச்சடித்த மங்கலான போட்டோக்கள்தான் கடைசியில் வேலை செய்தன. வெல்க்ரோ தையல் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது.

இந்தப் பட அட்டை முறைக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பால்டிமோரில் லியோ கேனர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தை மருத்துவ உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது. எல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும் என்கிற பிடிவாதத்தை அவர் நோயின் அடையாளமாகக் குறித்தார். 1938இல் ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு தப்பி அமெரிக்கா வந்த யூதச் சிறுவன் ஒருவர், எரிக் ஷாப்லர், பிற்பாடு வட கரோலினா பல்கலைக்கழகத்தில் அதே பிடிவாதத்தைப் படிப்புக்கு ஏணியாக்கினார். அந்த மாநிலம் 1972இல், ஆட்டிசப் பிள்ளைகளுக்கான அவருடைய டீச் திட்டத்தை மாநிலம் முழுவதற்குமாக ஏற்றது. தாயின் பாசக்குறைவால்தான் ஆட்டிசம் வருகிறது என்று புருனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஷாப்லர் அதை மறுத்துப் பெற்றோரையே தன் கூட்டாளிகளாக உட்கார வைத்தார். தாயைக் கூண்டில் நிறுத்தியவர்களின் பெயரை இன்று மரியாதையோடு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டீச் முறைப்படி, ஒரு வேலையைப் பிள்ளையின் முன்னால் வைக்கும்போது நான்கு கேள்விகளுக்கு விடை கண்ணுக்குத் தெரிய வேண்டும். என்ன வேலை? எவ்வளவு? முடிந்தது எப்படித் தெரியும்? அடுத்து என்ன? நம் வீடுகளில் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மற்ற மூன்றையும் நம் வசதிக்கு வைத்துக்கொள்கிறோம். சண்டை முளைப்பது அந்த மூன்றில்தான்.

ஒரு நாள் ஐந்து கணக்கையும் பத்தே நிமிடத்தில் போட்டுவிட்டான். அம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. "கண்ணா, இன்னும் ஒண்ணே ஒண்ணு." அவன் ஏற்கெனவே கணக்கு நோட்டுப் போட்டோவைப் பிய்த்து டின்னில் போட்டிருந்தான். "நேதாஜி பவன் போயிடுச்சு" என்றான். அவள் மறுபடி நோட்டைத் திறந்தாள். அடுத்த நிமிடம் நீலக் கோடு இரண்டாகக் கிழிந்து தரையில் கிடந்தது. அதன் பிறகு ஒரு வாரம் அந்தச் சுவரின் பக்கமே அவன் போகவில்லை. அவன் மேல் என்ன தப்பு? ஐந்து புள்ளி என்று எழுதிக் கொடுத்தது பெரியவர்கள். ஆறாவது கணக்கைக் கேட்டது பெரியவர்கள்.

பட அட்டவணையைப் பிள்ளையை அடக்கும் கருவியாகப் பலர் நினைக்கிறார்கள். எனக்கென்னவோ அது அம்மா அப்பாவின் வாயை அடக்கும் கருவியாகத்தான் படுகிறது. சில வீடுகளில் அட்டையைக் காட்டிக் காட்டியே மிரட்டுகிறார்கள். அழகாக லாமினேட் செய்த பிரம்பு, அவ்வளவுதான். அமெரிக்காவில் 2020இல் வெளியான பெரிய ஆய்வுத் தொகுப்பு ஒன்று, ஆட்டிசத்துக்குச் சான்றுள்ள முறைகள் என்று 28 எண்ணியது. பட உதவிகளும் அதில் உண்டு. ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றாத வீட்டில் எந்தச் சான்றும் செல்லாது.

படத்தோடு பாடம் என்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. தாகூர் 1930இல் 'சஹஜ் பாட்' என்ற வங்காள அரிச்சுவடியைக் கொண்டுவந்தபோது அதற்கு லினோகட் படங்கள் செதுக்கியவர் நந்தலால் போஸ். மாஷிமா வாங்கிக் கொடுத்த பிரதி ஒன்று பையனிடம் இருக்கிறது. கருப்பு வெள்ளைப் படத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுத்துக்கு வருவான். பேச முடியாத பிள்ளைகள் படப் பலகையைச் சுட்டிக் காட்டிப் பேசுவதற்கும் இங்கே நீண்ட வரலாறு உண்டு. 1974இல் சுதா கவுல் கிழக்கிந்திய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி என்று தொடங்கி, இன்று இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் செரிப்ரல் பால்சி என்ற பெயரில் தாராதலாவில் இருக்கும் நிறுவனம் அந்த வேலையில் நாட்டுக்கே முன்னோடி. நம் சென்னையில் அஜித் நாராயணன் அதே படப் பலகையை 'ஆவாஸ்' என்று டாப்லெட்டுக்குள் கொண்டுவந்தார். டாப்லெட் நல்லதுதான். ஆனால் வீட்டுப்பாட நேரத்தில் ரயில் வீடியோ ஓடுகிற அதே கண்ணாடியில் கணக்கு நோட்டையும் காட்டினால் எது ஜெயிக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மொழி விஷயத்தில் எனக்கு ஒரு கோபம் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், பள்ளியில் ஆங்கிலம். பிள்ளை குழம்பிவிடுவான், தமிழை நிறுத்துங்கள் என்று ஆரம்பத்தில் ஒருவர் தங்கைக்கு அறிவுரை சொன்னார். அவளும் சில மாதம் உடைந்த ஆங்கிலத்தில் பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பேச்சு பின்தங்குவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கும்போது தமிழில் பேரம் பேசுகிற ஊர் இது. இங்கே பாட்டியோடு போனில் பேச அவனுக்குத் தமிழ் வேண்டாமா?

இந்த ஊரில் அட்டவணைக்குப் பெரிய சோதனை பருவமும் பண்டிகையும். வெயில் தாங்காமல் 2022, 2023, 2024 மூன்று ஆண்டும் மாநில அரசு கோடை விடுமுறையை முன்னால் தள்ளியது. காலையில் பள்ளி உண்டு, மாலையில் செய்தி வந்து நாளையிலிருந்து இல்லை என்றால், மற்ற பிள்ளைகள் துள்ளுவார்கள். இவனுக்குத் தரை நழுவும். துர்கா பூஜையில் டாக் மேளச் சத்தமும் விளக்கும் நடுராத்திரிக் கூட்டமும் சேர்ந்து ஐந்து நாள் ஊரே தடம் மாறிவிடும். அதற்காக ஆரஞ்சு நிறத்தில் ஒரு அட்டை வைத்திருக்கிறார்கள்: மாற்றம். எல்லாம் நன்றாக இருக்கும் நாட்களில் முதலில் அதைப் பழக்கினார்கள். கணக்குக்குப் பதில் ஐஸ்கிரீம் என்று ஒரு நாள் ஆரஞ்சு அட்டை வந்தது. மாற்றம் என்றாலே கெட்டது என்று இல்லை என அவனுக்குப் பட்ட பிறகுதான், மின்வெட்டுக்கும் விருந்தாளிக்கும் அதை எடுத்தார்கள். இந்தச் சூட்சுமம் தெரியாமல் கஷ்டமான நாளில் மட்டும் அந்த அட்டையை நீட்டினால், அட்டையைப் பார்த்ததுமே அலறல்தான்.

இத்தனையும் சொன்னபின், அந்த வீட்டுப்பாடம்தான் எதற்கு என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப்பை கொள்கை இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது என்கிறது. மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது. நாளுக்கு இல்லை, வாரத்துக்கு. இதை எந்தப் பெற்றோரிடம் சொன்னாலும் ஜோக் கேட்டதுபோல் சிரிக்கிறார்கள். ஐந்து கணக்கில் தெரிந்துவிட்டதை இருபது கணக்கில் நிரூபிக்க வேண்டிய கட்டாயம் எந்தப் பிள்ளைக்கும் இல்லை. பகல் முழுக்கத் தன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு களைத்து வரும் பிள்ளைக்கு நிச்சயமாக இல்லை.

பள்ளிகளிடம் கேட்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. வீட்டுப்பாடத்தை ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும் முன்னால் டைரியில் எழுதிவிடலாம். 'பாடத்தைப் படிக்கவும்' என்று மொட்டையாக எழுதாமல், பக்கம் 14, முதல் இரண்டு பத்தி என்று எண்ணிச் சொல்லலாம். எண்ண முடிந்தால்தான் புள்ளி வைக்க முடியும். மூன்று கணக்கு போட்டு வந்தாலும் முழு டிக் போடலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. பாடத்திட்டத்தையும் தேர்வையும் பிள்ளைக்கு ஏற்ப மாற்றவும், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்குத் தரவும் அதன் 17ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அந்தப் பிரிவை எடுத்துக் காட்டி, மூன்றாம் மொழியான ஹிந்தியிலிருந்து விலக்குக் கேட்டுத் தங்கை ஜூனில் மனு கொடுத்தாள். "பார்க்கலாம்" என்றிருக்கிறார்கள். பையன் தினமும் கேட்கிறான், அடுத்த வாரம் ஹிந்தி உண்டா, இல்லையா என்று. பார்க்கலாம் என்பதற்கு என்ன போட்டோ ஒட்டுவது என்று அவள் என்னைக் கேட்கிறாள்.