சிக்குன்குனியாவில் கோழி இல்லை

சிக்குன்குனியா வந்தால் எங்களில் பலர் முதலில் ஒதுக்குவது கோழிக்கறியைத்தான். பெயரில் "சிக்கன்" இருக்கிறதாம்! கோழிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இது மக்கொண்டே மொழிச் சொல். இன்றைய தான்சானியாவின் தெற்கே, மொசாம்பிக் எல்லையோரம் மக்கொண்டே மேட்டுநிலம் இருக்கிறது. 1952இல் அங்கே இந்தக் காய்ச்சல் பரவியது. மூட்டு உளைவில் நிமிர முடியாமல் கூனிப்போனவர்களைப் பார்த்து அந்த மக்களே வைத்த பெயர் இது. "வளைத்துவிடுவது" என்பதுபோலப் பொருள். சிலர் சுவாஹிலி என்று எழுதுவதும் பிழை. எங்கள் காதில் "குனிய" என்று கேட்பது தற்செயல்தான், ஆனால் பிள்ளைகளுக்குப் பொருளை மனதில் பதிக்க அது நன்றாகவே உதவுகிறது.

2006 கடைசியில் கல்முனை, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் என்று இது பரவியபோது அந்தப் பெயரின் பொருளைக் கண்ணால் கண்டோம். காய்ச்சல் விட்டும் சுவரைப் பிடித்து நடந்தார்கள், கதிரையில் இருந்து தொழுதார்கள். அத்தனைக்கும் காரணம் பகலில் கடிக்கும் நுளம்பு. அது பெருகுவது சிரட்டையிலும் பூச்சாடித் தட்டிலும் பழைய டயரிலும் தேங்கும் தண்ணீரில். கோழியை விலக்கிய வீட்டு முற்றத்திலேயே அந்த டயர் இன்னும் கிடக்கிறது.