ஓடுபாதைக்கு மேலே நிற்கும் கணக்கு

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் கார்பன் கணக்கில் ஏறத்தாழ 95 சதவீதம் விமானங்கள் எரிக்கும் எரிபொருளிலிருந்து வருகிறது. முனையங்களின் மின்சாரம், தளத்தில் ஓடும் ஊர்திகள், பயணிகளும் ஊழியர்களும் வந்துபோகும் சாலைப் போக்குவரத்து எல்லாம் மீதிக்குள் அடங்கிவிடும். 2019இல் மொத்தம் சுமார் 2 கோடி டன்.

இதில் எவ்வளவை நிலையத்தின் பெயரில் எழுதுவது என்பதில்தான் சிக்கல். நிலையம் தானே எரிப்பது ஸ்கோப் 1, வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2, விமான நிறுவனங்கள் எரிப்பது ஸ்கோப் 3. ஐரோப்பிய விமான நிலையங்களின் சங்கம் 2009இல் தொடங்கிய கார்பன் சான்றளிப்புத் திட்டத்தில், மூன்றாம் படியில் விமானங்களின் உமிழ்வு 3,000 அடிக்குக் கீழே நடக்கும் இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் மட்டுமே எண்ணப்படுகிறது. முழுப் பறப்பும் கணக்கில் ஏறுவது நான்காம் படியில்தான். ‘கார்பன் நடுநிலை’ என்ற பெயர் அதற்கு முன்பே, 3+ படியில் கிடைத்துவிடுகிறது. ஸ்கோப் 1, 2 உமிழ்வையும் ஊழியர்களின் அலுவல் பயணத்தையும் ஈடுகட்டினால் போதும். 2015 முதல் முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் கொச்சி நிலையத்தின் பெருமையும் மின் கட்டணச் சீட்டோடு நிற்பதே. பெருமை உண்மையானது, அதன் எல்லையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தரையில் நிலையத்தின் கைக்கு எட்டும் வேலை இல்லாமல் இல்லை. நிறுத்துமிடத்தில் நிற்கும் விமானம் விளக்குக்கும் குளிர்சாதனத்துக்கும் வாலில் உள்ள ஏபியு எனப்படும் துணை இயந்திரத்தை ஓட்டுகிறது. ஏ320 போன்ற விமானத்தில் இது மணிக்கு சுமார் 100 கிலோ எரிபொருளைக் குடிக்கும். ஒரு கிலோ எரிந்தால் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு. தரை மின்இணைப்பும் குளிர்காற்றுக் குழாயும் இருந்தால் ஏபியுவை அணைத்துவிடலாம். மின்சாரம் வந்தும் குளிர்காற்று போதாவிட்டால், கோடை மதியத்தில் அது மறுபடி ஓடத் தொடங்கும். எத்தனை நிறுத்துமிடங்களில் கருவி பொருத்தப்பட்டது என்ற எண் ஆண்டறிக்கைக்கு அழகு. ஏபியு ஓடிய நிமிடங்களே பொறியாளருக்கு வேண்டிய அளவை.

ஹீத்ரோ 2022இல் வெளியிட்ட திட்டம் 2050இல் நிகர பூஜ்ஜியம் என்கிறது. 2019ஐ அடிப்படையாகக் கொண்டு 2030க்குள் தரையில் குறைந்தது 45 சதவீதமும், வானில் அதிகபட்சம் 15 சதவீதமும் குறைப்பது இடைக்கால இலக்கு. ‘குறைந்தது’, ‘அதிகபட்சம்’ என்ற இரண்டு சொற்களும் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று பார்த்தாலே போதும்.

வானில் நடக்க வேண்டிய குறைப்பு பெரும்பாலும் நிலைத்த விமான எரிபொருளை நம்பியிருக்கிறது. பயன்படுத்திய சமையல் எண்ணெய் முதலியவற்றிலிருந்து வடிக்கப்படும் இந்த எரிபொருள் எஞ்சினில் எரியும்போது, வழக்கமான எரிபொருளுக்குக் கிட்டத்தட்ட சமமான கார்பனையே வெளியேற்றுகிறது. மிச்சம் கிடைப்பது மூலப்பொருளின் வாழ்சுழற்சிக் கணக்கில்தான். எனவே மூலப்பொருளின் சான்று பொய்த்தால் மிச்சமும் பொய்க்கும். பிரிட்டன் 2025இல் 2 சதவீதக் கட்டாயக் கலப்பைத் தொடங்கியது. 2030க்கு 10, 2040க்கு 22 சதவீதம். ஹீத்ரோ தரையிறங்கு கட்டண அமைப்பின் வழியே விமான நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகையும் தருகிறது. நிலையத்திடம் உள்ள நெம்புகோல்களில் இது உருப்படியானது.

மறுபக்கம் வளர்ச்சி. ஹீத்ரோவில் ஆண்டுக்கு 4,80,000 விமான இயக்கங்கள் என்ற வரம்பு இருக்கிறது. மூன்றாம் ஓடுபாதை வந்தால் அது 7 லட்சத்தைத் தாண்டும். பாரிஸ் ஒப்பந்தத்தைக் கருத்தில் கொள்ளவில்லை என்று 2020 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த ஓடுபாதைக்கான அரசின் விரிவாக்கக் கொள்கையைச் செல்லாது என்றது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2025 ஜனவரியில் பிரிட்டன் அரசு விரிவாக்கத்துக்கு வெளிப்படையாக ஆதரவு தெரிவித்தது. இயக்கங்கள் இப்படிப் பெருகினால், ஒரு பயணிக்கான உமிழ்வு குறைந்தும் மொத்த டன் கூடக்கூடும். விகிதங்கள் மட்டும் பேசும் அறிக்கையில் இது தெரியவே தெரியாது.

நிலையங்களின் கார்பன் அறிக்கையைத் தயாரிப்பவர்களும் தணிக்கை செய்பவர்களும் புறப்படும் விமானங்களின் முழுப் பறப்பு உமிழ்வை, ஈடுகட்டல் எதையும் கழிக்காமல், டன்னில், முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.