ஒரே கிருமி, இருவகை உடல்

ஒரே வீட்டில், ஒரே கிணற்று நீரைப் பருகி வளரும் சகோதரிகள் இருவருள் ஒருத்திக்கு மட்டும் நீர்க்கடுப்பும் குளிர்காய்ச்சலும் அடிக்கடி வருவதுண்டு. மற்றவளோ அந்நோய் இன்னதென்றே அறியாள். இதனைக் காணும் உற்றார், "பிள்ளை வளர்ப்பிற் சுத்தம் போதாது" என்று தாயின்மேற் பழி சுமத்திவிடுகின்றனர். அப்பழி நியாயமானதுதானா?

சிறுநீர்த்தொகுதியில் உண்டாகும் தொற்றுக்களுட் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் எசரிக்கியா கோலை என்னும் பற்றீரியாவாகும். 1885ஆம் ஆண்டிலே தியோடர் எசரிக் என்னும் வைத்தியர் விவரித்த இக்கிருமி, நம்மனைவரின் குடலிலும் வாழ்வது. அதுவே சிறுநீர்வழியாக மேலேறும்போது நோய் விளைக்கின்றது. பெண்களின் சிறுநீர்வழி குறுகியதாதலின் அவர்களுக்கே இந்நோய் மிகுதி. ஆயினும் பெண்கள் எல்லோரையும் அது ஒரே வகையாக வருத்துவதில்லை.

இவ்வேறுபாட்டிற்குரிய காரணங்களுள் ஒன்று பரம்பரையிலே உள்ளது. சிறுநீர்ப்பையின் உட்சுவர்க் கலங்களில் 'ரோல்-4' என்னும் புரதம் காவலாளிபோல் நிற்கின்றது. கிருமி வந்து பற்றியதும் அது விழித்தெழ, கலங்கள் இன்ரலூக்கின்-8 என்னும் பதார்த்தத்தைச் சுரக்கின்றன. அந்த அழைப்பை வெண்குருதிக் கலங்கள் தம்மீதுள்ள ஒரு வாங்கியினால் உணர்ந்து, விரைந்து வந்து கிருமிகளை விழுங்குகின்றன. காவலாளியும் வாங்கியும் நாம் பெற்றோரிடமிருந்து பெற்ற பரம்பரையலகுகளின்படியே அமைகின்றன.

காவலாளி சோர்ந்தால் என்ன நேரும்? சுவீடனிலுள்ள லுண்ட் பல்கலைக்கழகத்திற் கதரீனா சுவான்போர்க் அம்மையாரும் குழுவினரும் ஒருவகைச் சுண்டெலிகளை ஆராய்ந்தனர். கிருமி புகுந்தும் அவற்றின் உடல் பதறவில்லை, கிருமியை வெளியேற்றவுமில்லை. அவ்வெலிகளின் ரோல்-4 பரம்பரையலகு பழுதுபட்டிருப்பதை 1998இல் அமெரிக்காவிலே புரூஸ் பொயிட்லர் குழுவினர் கண்டனர். அவர் 2011இல் நோபெற் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மனிதரிலும் இத்தகையோர் உளர். நோவோ காய்ச்சலோ இன்றிச் சிறுநீரிற் கிருமியைச் சுமந்து திரியும் சிறுவர்களிடம் ரோல்-4 குறைவாயிருப்பதைச் சுவான்போர்க் குழுவினர் பின்னர் கண்டறிந்தனர்.

வாங்கி குறைந்தவர்களின் நிலையோ இதற்கு நேர்மாறானது. அவ்வாங்கி இல்லாத எலிகளில் வெண்குருதிக் கலங்கள் வந்தும் கிருமியை அடையமாட்டாமல் இழையத்திலே தேங்கின. சிறுநீரகத்திற் தழும்பு விழுந்தது. சிறுநீரக அழற்சி மீண்டும் மீண்டும் வந்த சிறுவர்களிடமும் அவ்வாங்கி குறைவாகவே காணப்பட்டது. 2007இல் வெளியான குடும்ப ஆய்வொன்றில், அத்தகைய சிறுவர்களின் உறவினருள் நூற்றுக்குப் பதினைவர்க்குச் சிறுநீரக அழற்சி வந்திருந்தது. ஏனைய குடும்பங்களில் நூற்றுக்கு மூவர்க்கே வந்திருந்தது.

இங்கே சிந்திக்கத்தக்க உண்மை ஒன்றுண்டு. காய்ச்சலும் எரிவும் பெரும்பாலும் நமது உடல் நடத்தும் போரின் விளைவுகளே. ஆதலின் நோயின் குறி எதுவுமில்லாதவர் சிறுநீரிற் கிருமி காணப்பட்டமைக்காக மட்டும் நுண்ணுயிர்கொல்லி மருந்தை உட்கொள்வது பொதுவாக அநாவசியம். மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கவும் அது ஏதுவாகும். கர்ப்பிணிகளும், சிறுநீர்வழியிற் சில சத்திரசிகிச்சைகளுக்கு ஆயத்தமாவோரும் இதற்கு விலக்கு. அவர்களுக்குச் சிகிச்சை அவசியம்.

பரம்பரை ஒன்றே காரணமென்று கொள்ளலாகாது. சிறுநீரை அடக்கிவைத்தல், மலச்சிக்கல், நீரிழிவு, சிறுநீரகக் கல், பிறவியிலேயே சிறுநீர் பின்னோக்கிப் பாயும் குறை ஆகியனவும் உண்டு. சுத்தமும் தள்ளத்தக்கதன்று. ஆயினும் காரணம் விளங்காத காய்ச்சல் குழந்தைக்கு வந்தால் சிறுநீரைச் சோதிப்பிக்கத் தாமதித்தலாகாது. தாய்க்கோ உடன்பிறந்தோர்க்கோ சிறுநீரக அழற்சி வந்திருந்தால் அதனை வைத்தியரிடம் தவறாது சொல்லுதல் வேண்டும். தாமதத்தால் விழும் தழும்பு பின்னாளில் இரத்த அழுத்தமாகவும் சிறுநீரகப் பழுதாகவும் தலைகாட்டக்கூடும்.

உறவினர் வாய்ப்பழிக்கு அஞ்சிக் குடும்ப நோயை மறைக்கும் தாய்மார் நம்மிடையே இன்றும் உளர். மறைப்பதால் வருந்துவது குழந்தையே. எவரும் தாம் விரும்பித் தெரிந்துகொள்ளாத ஒன்றிற்கு அவரைக் குற்றஞ்சாட்டுதல் அறிவுடைமையாகாது.