மரியாதை யாருக்கு?

மதத்தைப் பற்றியாவது அரசியலைப் பற்றியாவது ஒருவன் வாயைத் திறந்தால், "மரியாதையாய்ப் பேசு" என்று புத்தி சொல்ல ஒரு கூட்டம் எப்பொழுதும் தயாராயிருக்கிறது. மரியாதை வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. மரியாதை யாருக்கு, எதற்கு, அதை அளக்கும் படி யார் கையிலிருக்கிறது என்பதே நமது கேள்வி. இதற்கு இங்கிலாந்து தேசத்துச் சரித்திரமே போதுமான சாட்சியாகும்.

1842-ம் வருஷம் மே மாதத்தில் செல்ட்டன்ஹாம் என்னும் ஊரில் ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக் என்பவர், ஏழைகள் கூட்டாய் வாழும் குடியிருப்புகளைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். அவர் பர்மிங்ஹாமில் பட்டறைத் தொழிலாளியாய் இருந்தவர். கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, அக்குடியிருப்புகளில் கடவுளுக்கு என்ன இடம் என்று கேட்டார். ஜனங்கள் வறுமையில் கிடக்கையில் கடவுளுக்குச் செலவு செய்யக் கட்டாதென்றும், வேலையில்லாத பட்டாள அதிகாரிகளைப் போல் அவரையும் பாதிச் சம்பளத்தில் வைக்கலாமென்றும் ஹோலியோக் பதில் சொன்னார். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்ன குற்றத்திற்கு ஆறு மாதம் ஜெயில்! அவர் ஜெயிலிலிருக்கும்போதே அவருடைய பெண் குழந்தை இறந்துபோயிற்று.

பிறகு 1883-ம் வருஷத்தில், பைபிள் கதைகளைக் கேலிச் சித்திரமாய்ப் பத்திரிகையில் போட்டதற்காக ஜி. டபிள்யூ. பூட் என்பவருக்குப் பன்னிரண்டு மாதம் ஜெயில் கிடைத்தது. அதே வருஷம் அவர் மேல் நடந்த மற்றொரு வழக்கில் கோல்ரிட்ஜ் பிரபு என்ற பெரிய ஜட்ஜ், வாதத்தில் கண்ணியம் தவறாதிருந்தால் மதத்தின் அடிப்படையைத் தாக்கினாலும் குற்றமில்லை என்று சட்டத்திற்கு அர்த்தம் சொன்னார்.

மறுப்பதே குற்றம் என்பதைவிட இது எவ்வளவோ மேல்தான். ஆனால் கண்ணியத்தை அளந்தவர் யார்? ஹக்ஸ்லி என்ற பெரிய விஞ்ஞானி, கடவுளைப் பற்றி அறிந்ததாகச் சொல்ல ஆதாரமில்லை என்னும் தம் கொள்கைக்கு 1869-ல் ஒரு பெயரே வைத்தார். அவர் புஸ்தகங்களைச் சீமான்கள் வாங்கிப் படித்தார்கள். அவரை எவரும் கோர்ட்டுக்கு இழுக்கவில்லை. கால்சட்டை வியாபாரம் செய்து பிழைத்த ஜே. டபிள்யூ. காட் என்பவரோ, ஏசுவைக் கேலி செய்த துண்டுப் புஸ்தகங்களைத் தெருவில் விற்றதற்காக 1921-ல் ஒன்பது மாதம் கடுங்காவல் பெற்றார். விடுதலையாகிச் சில காலத்திற்குள் மாண்டார். இருவரும் மறுத்தது ஒரே மதத்தைத்தான். பண்டிதர் பாஷைக்குப் பாராட்டு, தெருப் பாஷைக்குச் சிறை! இது கண்ணியத்தின் அளவா, அந்தஸ்தின் அளவா?

அச்சட்டம் இங்கிலாந்தில் ஒழிய 2008-ம் வருஷம் வரை ஆயிற்று. இந்தியாவிலோ 1927-ல் வெள்ளைக்கார சர்க்கார் செய்த 295-ஏ பிரிவு, 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் 299-ம் பிரிவாக நம்பர் மாறி உயிரோடிருக்கிறது. பிறர் மத உணர்ச்சியை வேண்டுமென்றே கெட்ட எண்ணத்தோடு புண்படுத்துவது குற்றமென்கிறது அது. எண்ணம் கெட்டதென்று முதலில் கூச்சல் போடுவது யார்? எண்ணிக்கையும் செல்வாக்கும் உடையவர்களே அல்லவா?

நிற்க, தோழர்களே, நமக்கும் ஒரு வார்த்தை. கொள்கைக்கு மரியாதை காட்ட எவனும் கடன்பட்டவனல்ல. மனிதனுக்குக் காட்டக் கடன்பட்டிருக்கிறோம். சாமி கும்பிடுகிறவனைப் பார்த்து, "உன் சாமி ஏன் உன் பசியைத் தீர்க்கவில்லை?" என்று கேளுங்கள், அது நியாயமான கேள்வி. அவன் தாயை இழுத்துத் திட்டுவதும், அவன் உருவத்தை ஏளனம் செய்வதும் வாதமல்ல. நம்மிடம் வாதமில்லை என்று நாமே கொடுக்கும் அத்தாட்சியாகும். ஜெயிலில் பிள்ளையைப் பறிகொடுத்த ஹோலியோக், வெளியே வந்து பாதிரிமார்களை வைதுகொண்டு திரியவில்லை. 1853-ல் லண்டனில் ஒரு பாதிரியோடு ஒரே மேடையில் பல இரவுகள் வாதம் செய்தார்.

எனவே மரியாதையை நம்மிடம் கேட்கிறவர்களுக்கு நாம் சொல்லும் பதில் இதுதான்: மனிதனுக்கு வேண்டிய மரியாதையைத் தாராளமாய்த் தருகிறோம், நீங்களும் தாருங்கள். உங்கள் மதத்திற்கு மரியாதை வேண்டுமானால், அதை நியாயத்தால் சம்பாதித்துக் கொள்ளுங்கள். போலீசைக் கூப்பிட்டு வாங்காதீர்கள்.