தந்தைக்கும் நாற்பது நாள்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

ஒரு வீட்டில் தலைப்பிள்ளை பிறந்துவிட்டால் அது அந்தத் தெருவுக்கே திருவிழா. கற்கண்டும் மிட்டாயும் கைமாறுகின்றன. 'என்ன குழந்தை?' என்பது முதற் கேள்வி. 'எடை எவ்வளவு?' என்பது இரண்டாவது. 'யார் சாயல்?' என்பது மூன்றாவது. தாய் எப்படி இருக்கிறாள் என்னும் கேள்வி நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வருகிறது; சில வேளைகளில் வராமலே போகிறது. ஆனால், 'தந்தை இனி என்ன செய்யப் போகிறான்?' என்ற கேள்வியை மட்டும் எவரும் கேட்பதில்லை. மிட்டாய் வாங்கி வந்ததோடு அவன் கடமை முடிந்தது என்று ஊரும் நினைக்கிறது, அவனும் நினைக்கிறான்.

இந்த நினைப்புத் தவறானது என்பதே இக்கட்டுரையின் கருத்து. பிள்ளை பெறுவது பெண்ணின் செயல். இயற்கை அவ்வாறு வகுத்துவிட்டது. ஆனால் பிறந்த பிள்ளையை வரவேற்று, முதற் சில வாரங்கள் கண்ணை இமை காப்பதுபோல் காப்பதும் பெண்ணின் செயல் மட்டுமே என்று இயற்கை எங்கும் எழுதி வைக்கவில்லை. அதை எழுதியவர்கள் நாம்தாம்.

முதல் இருபத்தெட்டு நாள்

1971-ஆம் ஆண்டில் இந்தியாவில் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளிலும் 129 குழந்தைகள் முதலாண்டு நிறைவைக் காணாமலே மறைந்தன. 2020-ஆம் ஆண்டுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி அந்த எண்ணிக்கை 28 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டில் அது 13. தடுப்பூசியும், மருத்துவமனைப் பிரசவமும், கிராமந்தோறும் நடையாய் நடந்த செவிலியரும் ஈட்டித் தந்த வெற்றி இது. இதைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

ஆனால் அதே கணக்கில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. இந்திய அளவில் இறந்த அந்த 28 குழந்தைகளில் 20 குழந்தைகள் பிறந்து 28 நாட்களுக்குள்ளேயே இறந்தவை. பன்னிரண்டு மாதங்களில் முதல் மாதமே பெரிய கண்டம் என்பது இதனால் விளங்குகிறது. குறைமாதப் பிறப்பு, எடைக் குறைவு, பிறக்கும்போதே மூச்சுத் திணறல், கிருமித் தொற்று ஆகியவை இதற்குக் காரணங்கள். இவற்றில் பலவற்றை வீட்டில் இருப்பவர் உரிய நேரத்தில் கண்டுகொண்டால் உயிரைக் காப்பாற்றிவிடலாம். குழந்தை பால் குடிக்க மறுத்தல், உடல் சில்லிட்டுப் போதல் அல்லது கொதித்தல், நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு வாங்குதல், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பரவுதல், வலிப்பு - இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

கண்டுகொள்ள வேண்டியவர் யார்? பிரசவித்த களைப்பில் கிடக்கும் தாய் ஒருத்தி மட்டுமா? இரவு இரண்டு மணிக்கு மூச்சை எண்ணுவதற்கு இன்னொரு சோடிக் கண்கள் வேண்டாமா?

விருந்தாளியாகும் தந்தை

முதற் பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். வளைகாப்பு முடிந்ததும் பெண் பிறந்த வீட்டுக்கு வருகிறாள். பிள்ளையோடு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திரும்புகிறாள். இவ்வழக்கத்தில் ஒரு நன்மை உண்டு. மகளின் உடலும் மனமும் தெரிந்தவள் அவளைப் பெற்றவள். மாமியார் வீட்டில் கேட்கத் தயங்கும் ஒரு குவளை வெந்நீரைத் தாய்வீட்டில் உரிமையோடு கேட்கலாம். ஆனால் இதே வழக்கம் தந்தையை விருந்தாளி ஆக்கிவிட்டது என்பதையும் மறுப்பதற்கில்லை.

சென்ற ஆண்டு என் அக்காளுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. அத்தான் திருப்பூரில் பனியன் தொழிலாளி. சனிக்கிழமை இரவு பேருந்து ஏறி வருவார். ஞாயிறு மாலை திரும்பிவிடுவார். வந்தால் அவருக்குத் திண்ணையில் நாற்காலி, கையில் காபி. குழந்தையைக் கொண்டுவந்து காட்டுவார்கள். 'கழுத்து நிற்காத பிள்ளை, எனக்குப் பயமாக இருக்கிறது' என்று தொடாமலே பார்ப்பார். ஒருநாள் நள்ளிரவில் பிள்ளை ஓயாமல் அழுதது. அக்காள் மூன்று இரவுகளாகத் தூங்கவில்லை. அம்மாவோ பகலெல்லாம் களையெடுத்துவிட்டு வந்து அசந்து கிடந்தாள். அத்தான் கதவோரம் நின்று தயங்கினார். என் அப்பத்தாதான் சொன்னாள்: "ஏன்யா, ஒங்க பிள்ளைதானே, தூக்குங்க. தோள்ல போட்டு முதுகைத் தடவுங்க. ஏப்பம் வந்தா அடங்கிரும்." அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து வாங்கினார். பிடரியைத் தாங்கிப் பிடிப்பது எப்படி என்று கிழவி காட்டினாள். சற்று நேரத்தில் ஏப்பம் வந்தது, பிள்ளை உறங்கியது. அக்காள் அன்று நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்கினாள். மறுவாரம் முதல் அத்தான் திண்ணையில் உட்காரவில்லை.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஓர் ஆணுக்குத் தெரியாதது என்று நாம் ஒதுக்கி வைத்ததைக் கற்றுக்கொள்ள அவருக்குக் கால்மணி நேரம் போதுமானதாக இருந்தது. கற்றுத் தர ஒருவரும், கற்க மனமும் இருந்தால் போதும்.

இருவாசி சொல்லும் பாடம்

எங்கள் விலங்கியல் துறைக்கு வந்து ஒரு பறவையைப் பற்றிக் கேளுங்கள். ஆனைமலைக் காடுகளில் இருவாசி என்றொரு பறவை வாழ்கிறது. பெண்பறவை பெரிய மரத்தின் பொந்துக்குள் புகுந்து, வாயிலைத் தன் எச்சத்தாலும் மண்ணாலும் அடைத்துக்கொள்கிறது. ஒரு சிறு பிளவு மட்டுமே மிச்சம். உள்ளே முட்டையிட்டு அடைகாக்கும் அத்தனை நாளும், குஞ்சு பொரித்த பின்னும், ஆண்பறவையே அத்திப்பழங்களைச் சுமந்து வந்து அப்பிளவின் வழியே ஊட்டுகிறது. ஆண்பறவை வேட்டைக்காரனிடம் சிக்கிவிட்டால் பொந்துக்குள் இருக்கும் குடும்பத்தின் உயிரே ஆபத்துக்குள்ளாகும். 'ஆணுக்கு இது இயல்பன்று' என்று சொல்வோர் இப்பறவையை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

பறவை கிடக்கட்டும், மனிதரிடமே வருவோம். 1978-ஆம் ஆண்டில் கொலம்பியா நாட்டுப் போகோட்டா நகரில் குறைமாதக் குழந்தைகளை வைக்கும் வெப்பப் பெட்டிகளுக்குத் தட்டுப்பாடு. எட்கர் ரே சனப்ரியா என்னும் மருத்துவர், குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துக் கட்டி வைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறைப் பராமரிப்பு என்று பெயர் பெற்று இன்று உலகெங்கும் பரவிவிட்ட முறை இது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: தாய்க்கு இயலாதபோது தந்தையின் மார்பும் இதே வெப்பத்தைக் கொடுக்கும். பால் ஒன்றுதான் தந்தையிடம் இல்லை, சூடு இருக்கிறது.

கிழவியின் அறிவும் பாடநூலின் அறிவும்

பிள்ளை பிறந்த வீட்டில் இரண்டு அறிவுகள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று, வழிவழியாக வந்த பாட்டியின் அறிவு. மற்றொன்று, செவிலியர் கொண்டுவரும் புத்தக அறிவு. படித்த இளைஞர் பலர் முன்னதை முழுதும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுகின்றனர். இது நேர்மையன்று.

பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் ஓய்வு என்றார்கள். விரிந்த கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும் என்கிறது மருத்துவ நூல். கணக்கு ஒத்துப் போகிறது அன்றோ? கண்டவர் எல்லாம் வந்து குழந்தையைத் தொடக் கூடாது என்றார்கள். அதற்குத் 'தீட்டு' என்று இட்ட பெயர் தவறு. பெண்ணை இழிவுபடுத்தும் அப்பெயரை விட்டுவிட வேண்டும். ஆனால் அதனால் கிடைத்த தனிமை தொற்றைத் தடுத்தது. அதை விட்டுவிடக் கூடாது. பூண்டும் பால்சுறாவும் சேர்ந்த உணவு, தாலாட்டு, தூளி - இவை யாருக்கும் கெடுதி செய்வன அல்ல.

ஆயினும் விட்டே தீர வேண்டியவையும் உள. பிறந்தவுடன் சேனை வைப்பது அவற்றுள் முதலாவது. வைப்பவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று சருக்கரைத் தண்ணீரும் தேனும் நாவில் தடவுகிறோம். குணம் வருகிறதோ இல்லையோ, கிருமி வரும். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் வித்துக்கள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் நரம்புகளைத் தாக்கும் நோயை உண்டாக்க வல்லவை. அடுத்து, மஞ்சளாகத் தடித்து வரும் சீம்பாலைக் 'கெட்ட பால்' என்று பீய்ச்சிக் கொட்டுவது. நோய் எதிர்ப்புப் புரதங்கள் செறிந்த அந்தப் பாலே இயற்கை தரும் முதல் தடுப்பு மருந்து. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், முதல் ஆறு மாதம் தண்ணீர்கூட இல்லாமல் தாய்ப்பால் மட்டுமே என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. மூக்கில் எண்ணெய் விடுவதும், வாயால் ஊதிச் சளி எடுப்பதும், தாய்க்குத் தண்ணீர் கொடுக்காமல் வதைப்பதும் உடனே நிறுத்த வேண்டியவை.

கைகழுவும் ஒரு சிறு பழக்கத்தின் பெருமையையும் இங்கே சொல்ல வேண்டும். 1847-இல் வியன்னா நகர மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பிரசவம் பார்க்கும் முன் மருத்துவர்கள் குளோரின் கலந்த நீரில் கைகழுவ வேண்டும் என்று ஆணையிட்டார். பிள்ளை பெற்ற தாய்மார்களின் சாவு மளமளவென்று குறைந்தது. அவர் வாழ்நாளில் பலரும் அவரை நம்பவில்லை. நாமோ அறிந்தும் செய்யாதிருக்கிறோம்!

பாட்டியிடம் இதையெல்லாம் யார் சொல்வது? நம்மில் பலருடைய வீடுகளில் தாய்சேய் நல அட்டையை எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நாம்தாம். பட்டம் பெறும் முன்பே நமக்கு இந்தப் பணி காத்திருக்கிறது. 'உனக்கு ஒன்றும் தெரியாது' என்று சொன்னால் கிழவி கேட்கமாட்டாள். 'நீ சொன்ன நாற்பது நாள் சரிதான் அப்பத்தா, இந்தச் சேனையை மட்டும் விட்டுவிடுவோம்' என்றால் கேட்பாள்.

தாயின் மனம்

உடலைப் பார்க்கும் நாம் மனத்தைப் பார்ப்பதில்லை. பிள்ளை பெற்ற சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவதும் எரிச்சல் வருவதும் பெரும்பாலான தாய்மாருக்கு உள்ளதே. இரண்டு வாரங்களில் அது தணிந்துவிட வேண்டும். தணியாமல் நீண்டால் அது நோய். மருத்துவரைப் பார்க்க வேண்டும். காற்றுக் கருப்பு என்று வேப்பிலை அடித்துக்கொண்டிருந்தால் ஆபத்து. பெண் குழந்தை பிறந்த வீட்டில் இந்த வேதனை இரட்டிப்பாகிறது. பிறந்தது பெண்ணானால் தாயைக் குறை சொல்வோர் ஓர் உண்மையை அறிய வேண்டும். தாயின் முட்டையில் இருப்பது எக்ஸ் குரோமோசோம் மட்டுமே. ஆணின் விந்தணு எக்ஸைச் சுமந்து வந்தால் பெண். ஒய்யைச் சுமந்து வந்தால் ஆண். இதைப் பாடமாகப் படிக்கும் நாம் வீட்டில் வாய்திறந்து சொல்லாவிட்டால் படித்ததனால் ஆய பயன் யாது?

விடுப்பும் அடுப்பும்

1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு, முதலிரு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்தோடு கூடிய விடுப்பை வழங்கியது. தமிழக அரசு 2021-இல் தன் பெண் ஊழியர்களுக்கு இதை ஓராண்டாக உயர்த்தியது. ஏழைத் தாய்மாருக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டம் வழி உதவித்தொகை கிடைக்கிறது. எல்லாம் நல்லவை. தந்தைக்கு? நடுவணரசின் ஆண் ஊழியருக்கு 1997 முதல் 15 நாள் விடுப்பு உண்டு. ஆலைத் தொழிலாளிக்கும், கொத்தனாருக்கும், லாரி ஓட்டுநருக்கும் இப்படி உரிமை தரும் சட்டம் ஏதுமில்லை.

'கூலிக்காரன் வீட்டில் உட்கார்ந்தால் சோறு ஏது?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவனுக்கு ஒருநாள் விடுப்பு என்றால் ஒருநாள் அடுப்பு எரியாது. எனவேதான், தாய்க்கு உதவித்தொகை தரும் அரசு, தந்தைக்கும் பதினைந்து நாள் கூலியை ஈடு செய்ய முன்வர வேண்டும் என்பது என் கோரிக்கை. அது வரும்வரை ஆண்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இரவில் ஒருமுறை எழுந்து பிள்ளையைத் தோளில் போடக் கூலி இழக்க வேண்டுமா? ஈரத்துணி மாற்றவும், அதைத் துவைத்து வெயிலில் உலர்த்தவும், ஆறாம் வாரத் தடுப்பூசி நாளை நினைவில் வைக்கவும், 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்யவும் எந்த முதலாளியின் அனுமதி வேண்டும்?

மாணவ நண்பர்களே! இன்னும் சில ஆண்டுகளில் நம்மிற் பெரும்பாலோர் தந்தையர் ஆவோம். வேலைக்கு விண்ணப்பம் எழுதக் கற்கிறோம். வண்டி ஓட்டக் கற்கிறோம். ஒரு பச்சிளங் குழந்தையைத் தூக்கக் கற்பதில்லை. அதை வெட்கமாக நினைக்கிறோம். பிள்ளையைத் தூக்கும் ஆணைப் பார்த்து நகைக்கும் ஊர், பத்து நாளில் தானாகவே பழகிவிடும். பழகாவிட்டாலும் நட்டம் நமக்கில்லை.

நாற்பது நாள் தாய்க்கு என்று முன்னோர் வகுத்தனர். அதைத் தந்தைக்கும் சேர்த்து எழுதும் பொறுப்பு நம் தலைமுறையுடையது.