ரெட் விழுந்தாச்சு, ஃபாலோ எங்கே?

எங்க தெரு கேரம் கிளப்புக்கு போர்டு கிடையாது. பெயர்ப்பலகையைச் சொல்றேன். ஆடுற போர்டு ரெண்டு இருக்கு. திருவொற்றியூர்ல ஷீட் போட்ட ஒரு ரூம், போர்டுக்கு மேலே தொங்குற பல்பு, டப்பாவுல போரிக் பவுடர், அவ்வளவுதான். போன மாசம் கிளாஸ்மேட் ஒருத்தனை அங்கே கூட்டிட்டுப் போனேன். ஹாஸ்டல்ல ராத்திரி முழுக்க டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுற பையன். ரெண்டு போர்டு தோத்த பிறகு கேட்டான்: "மச்சி, செம கேமா இருக்கே, இதுக்கு ஓனர் யாரு?" அங்கிருந்த அண்ணன்கள் எல்லாரும் சிரிச்சுட்டாங்க. ஆனா அது சிரிச்சுட்டுப் போற கேள்வி இல்லைன்னு எனக்குத் தோணுது.

அவன் ஆடுற கேமுக்கு ஓனர் உண்டு. 1974ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கிய விளையாட்டு அது. 1997ல் அதை விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வாங்கியது. 1999ல் அந்த விசார்ட்ஸையே ஹாஸ்ப்ரோ வாங்கிவிட்டது. ஒரு விதிப்புத்தகமும் ஒரு செட் தாயக்கட்டையும் வாங்கினால் பத்து வருஷம் ஆடலாம். அப்படி ஆடினால் கம்பெனிக்கு அடுத்த வருமானம் எங்கிருந்து வரும்? அதனால் அவர்கள் விளையாட்டை விற்பதைவிட அதைச் சுற்றியிருக்கும் கதையை விற்கிறார்கள். 1983ல் டிவி கார்ட்டூன், 2000லும் 2023லும் சினிமா. அதே 2023ல் லாரியன் என்ற பெல்ஜியம் ஸ்டுடியோ லைசென்ஸ் வாங்கிச் செய்த பால்டர்ஸ் கேட் 3 உலகம் முழுக்க ஹிட். தாயக்கட்டையைத் தொட்டே பார்க்காதவனுக்கும் இன்று அந்தப் பெயர் தெரியும்.

இது நமக்குத் தூரத்து சமாச்சாரம் இல்லை. 1946ல் நம்ம திருவொற்றியூர்ல ஒரு ஷெட்டில் பொம்மை பலூன் செய்து தொடங்கியதுதான் எம்ஆர்எஃப். அதே எம்ஆர்எஃப், ஹாஸ்ப்ரோவோடு கூட்டு சேர்ந்து 1987ல் ஃபன்ஸ்கூலை ஆரம்பித்தது. சின்ன வயசுல நம்மில் பல பேர் ஆடிய மோனோபொலி அந்த வழியாகத்தான் நம்ம வீட்டுக்கு வந்தது. விளையாட்டை எப்படி வியாபாரம் ஆக்குவது என்பது நம்ம ஏரியாவுக்குத் தெரியாத வித்தை இல்லை.

இப்போ கேரம். சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988ல் தொடங்கப்பட்டதே சென்னையில்தான். இரண்டு முறை உலக சாம்பியன் ஆன மரிய இருதயம் நம்ம ஊர்க்காரர், 1996ல் அர்ஜுனா விருது வாங்கியவர். நவம்பர் 2024ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ டிரைவரின் மகள் காசிமா ஒற்றையர், இரட்டையர், குழு என மூன்று தங்கம் அடித்தார். பிறகு தமிழக அரசு 1 கோடி ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது. சந்தோஷம். ஆனா நம்ம கேம்பஸ்ல கேட்டுப் பாருங்க. காசிமா ஆடிய ஒரு போர்டையாவது முழுசா பார்த்தவர் எத்தனை பேர்?

வெளியூர்க்காரனுக்கு வடசென்னை கேரம்னா ஞாபகம் வருவது 2018ல் வந்த 'வடசென்னை' படம். நல்ல படம்தான், குறை சொல்லவில்லை. ஆனா அதுல ஜெயிலுக்குள்ளே நடக்கும் கேரம் ஆட்டமே கத்திக்குத்துக்கு முன்னோட்டம். இன்னொரு பக்கம், மினிகிளிப் நிறுவனத்தின் கேரம் பூல் ஆப்பைக் கோடிக்கணக்கான பேர் இறக்கி வைத்திருக்கிறார்கள். அதுல கலர் கலரா ஸ்ட்ரைக்கர் காசுக்குக் கிடைக்கும். அது தப்பு இல்லை. கேரம் யாருக்கும் சொந்தம் இல்லாததால் யார் வேண்டுமானாலும் ஆப் செய்யலாம். ஆனால் அந்தக் காசில் ஒரு ரூபாய்கூட பவுடர் வாங்க எங்க கிளப்புக்கு வராது.

அப்போ கேரமையும் ஒரு கம்பெனி வாங்கிட்டா சரியாகிடுமா? என் பதில்: வேண்டாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ரசிகர்கள் பட்டதே போதும். யார் வேண்டுமானாலும் அடிப்படை விதிகளைப் பயன்படுத்திப் புதுக் கதை எழுதி விற்கலாம் என்று 2000ல் ஒரு திறந்த உரிமம் கொடுத்தார்கள். அதை நம்பி எத்தனையோ சின்னப் பதிப்பாளர்கள் வளர்ந்தார்கள். ஜனவரி 2023ல் அந்த உரிமத்தை மாற்றும் வரைவு வெளியே கசிந்தது. வருஷத்துக்கு 7,50,000 டாலருக்கு மேல் வருமானம் பார்ப்பவர்கள் பங்கு கொடுக்கணும் என்று அதில் இருந்தது. ரசிகர்கள் சந்தாவை ரத்து செய்து கொதித்து எழ, கம்பெனி பின்வாங்கியது. அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸில் போட்டுவிட்டார்கள். கேட்டுக்குச் சாவி ஒருத்தன் கையில் இருந்தால், என்றைக்காவது பூட்டிப் பார்க்கத் தோணும்.

ஓனர் இல்லாமலே ஒரு விளையாட்டை ஊருக்குக் காட்ட முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கு. செஸ்ஸுக்கு ஓனர் யார்? யாரும் இல்லை. 2022ல் மாமல்லபுரத்தில் 44வது ஒலிம்பியாட் நடந்தபோது வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தான், நேப்பியர் பாலம் செஸ் போர்டு ஆனது. ஹாஸ்ப்ரோ செய்கிற அதே வேலைதான்: முகம், கதை, திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது. விளையாட்டை மட்டும் யாரும் சொந்தமாக்கிக்கொள்ளவில்லை.

கேரமுக்கு அந்த வேலையை முதலில் செய்ய வேண்டியவர்கள் நாமதான். பெரிய பட்ஜெட் எதுவும் தேவையில்லை. போர்டுக்கு நேர் மேலே ஒரு போன் கேமரா, பக்கத்தில் தமிழில் கமென்ட்ரி சொல்ல ஒரு வாய். அது நம்மகிட்ட நிறையவே இருக்கு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் உள்ள கிளப் ஆட்டக்காரர்களின் ஸ்கோரைச் சேர்த்து செஸ் மாதிரி ஒரு ரேட்டிங் போடுவது சிஎஸ்இ பசங்களுக்கு ஒரு மினி புராஜெக்ட். அடுத்த சிம்போசியத்தில் ட்ரெஷர் ஹன்ட்டை ஒரு வருஷம் தள்ளி வைத்துவிட்டு கிளப்களை அழைத்து ஓபன் டோர்னமென்ட் நடத்தலாம். ஒரே கண்டிஷன்: ஸ்பான்சர் காசு வந்தால் முதல் பங்கு ஆடினவங்களுக்கும் கிளப்புக்கும் போகணும். வீடியோ எடுத்த நமக்கு அப்புறம்தான்.

"காசு வந்தால் கேரமும் கெட்டுடும்" என்று ஒரு சீனியர் சொன்னார். இருக்கலாம். ஆனா இப்போ காசு வராமல் இல்லையே, ஆட்டக்காரர்கள் கைக்குத்தானே வரவில்லை.

கேரம் ஆடுறவங்களுக்கு விதி தெரியும். ரெட்டைப் போட்டா மட்டும் பாயின்ட் இல்லை, உடனே இன்னொரு காயினை ஃபாலோ போடணும். போடலைன்னா ரெட் திரும்ப நடுவுக்கே வந்துடும். காசிமா ரெட்டைப் போட்டாச்சு. ஃபாலோ போட வேண்டிய ஸ்ட்ரைக்கர் இப்போ நம்ம பக்கம் இருக்கு.

சனிக்கிழமை சாயந்திரம் கிளப்ல இருப்பேன். கேமரா ஸ்டாண்டு வெச்சிருக்கிறவங்க வாங்க.